குடலிறக்கமும் கொஞ்சம் இரக்கமும்

சென்னகேசவன் வீட்டில் நாய் வளர்ப்பதில்லை என்ற தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியிருந்தது. அந்த ஒரு மனது அவருடையது. ராமாமணியிடம் வாக்கெடுப்பு நடத்தவில்லை.

தீர்மானத்துக்கு அவரிடம் காரணங்கள் நிறைய இருந்தன. நாய் முடி கொட்டும். சோபாவைக் கடிக்கும். விருந்தாளி வந்தால் குரைக்கும், திருடன் வந்தால் வாலாட்டும். அதற்கு மேல், வீடு இருப்பது போத்தனூர் ரயில் நிலையத்துக்குப் பின்னால். ஒவ்வொரு ரயிலுக்கும் குரைக்கிற நாயாக அமைந்துவிட்டால், ரயில்வே கால அட்டவணையைத் தனியாக வாங்க வேண்டியதில்லை. அது ஒன்றுதான் லாபம்.

ராமாமணி எதிர்த்துப் பேசவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் எதிர்த்துப் பேசியதே கிடையாது. எது சொன்னாலும் "சரிங்க" என்பாள். அதற்குப் பிறகு காரியம் எப்படியோ அவள் நினைத்தபடி நடந்துவிடும். சென்னகேசவன் இதை வெறும் தற்செயல் என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தார்.

"பிரத்யுஷா கல்யாணமாயி ஐதராபாத் போனதுல இருந்து ஊடே கம்முனு கெடக்குதுங்க" என்றாள் ஒருநாள்.

"கம்முனு கெடந்தா நல்லதுதான."

"சரிங்க."

அந்த வாரக் கடைசியில் அவர் வேலையிலிருந்து வீட்டுக்கு வந்தபோது, அவருடைய சாய்வு நாற்காலியில் பஞ்சு மிட்டாய் அளவுக்கு ஒரு வெள்ளை உருண்டை உட்கார்ந்திருந்தது. அவரைப் பார்த்ததும் கொட்டாவி விட்டது.

"இது என்ன?"

"நாய்க்குட்டிங்க. பொமரேனியன்."

"தெரியுது. என்ர சேர்ல எதுக்கு இருக்குது?"

"கீழ வெச்சா ஏறத் தெரியுது, எறங்கத் தெரியலீங்க. வெள்ளகோவில் சாந்தாமணி தோட்டத்துல இருந்து கொண்டாந்தேன். வேண்டாம்னா திருப்பிக் குடுத்தர்லாமுங்க."

"வேண்டாம்."

"நீங்க இன்னும் பாக்கவே இல்லீங்களே. உங்க கம்பெனிக்கு ஒரு கேஸ்டிங் வந்தா, பாக்காமயே திருப்பி அனுப்பீருவீங்களா?"

சென்னகேசவன் நின்றார். அது மனசாட்சி சம்பந்தப்பட்ட கேள்வி.

குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு பம்ப் கம்பெனியில் அவர் சோதனைப் பிரிவுக்குத் தலைவர். பவுண்டரிகளிலிருந்து வந்து இறங்குகிற கேஸ்டிங்குகளை, அதாவது இரும்பு வார்ப்புகளை, தட்டிப் பார்த்து, தடவிப் பார்த்து, ஒரு ஊசித்துளை தெரிந்தாலும் சிவப்புப் பெயிண்ட்டால் பெருக்கல் குறி போட்டுத் திருப்பி அனுப்புவது அவர் வேலை. அவர் வருகிறார் என்றால் பவுண்டரிக்காரர்கள் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்திருப்பார்கள். இந்தப் பழக்கம் வீட்டிலும் அவரை விடவில்லை. இட்லியைப் பிட்டுப் பார்த்து, "உள்ள ஓட்டை எச்சா இருக்குது" என்பார். "இட்லிக்கு அதுதானுங்க வேணும்" என்பாள் ராமாமணி.

அப்படிப்பட்டவர், பார்க்காமல் ஒரு பொருளை ரிஜெக்ட் செய்தார் என்று வெளியே தெரிந்தால் என்ன ஆவது?

"பாக்கறேன். ஒரு குறை இருந்தாலும் வெள்ளகோவிலுக்குத் திரும்பிப் போயிரும். அப்பறம் பேச்சு மாறக் கூடாது."

"சரிங்க. நீங்களே பாத்துச் சொல்லுங்க."

குறையில்லாத பொருள் உலகத்தில் இல்லை என்பது சென்னகேசவனின் அனுபவம். அதனால் அவர் நிம்மதியாகத் தூங்கப் போனார்.

மறுநாள் காலையில் டீப்பாயின் மேல் பேப்பரை விரித்து, குட்டியைத் தூக்கி வைத்துச் சோதனையை ஆரம்பித்தார். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்ப்பது முறையல்ல. முதல் நாள் காது.

"ஒரு காது படுத்திருக்குது."

"பல்லு மொளைக்கிற வயசுங்க. காது பொறவு தானா எந்திரிக்கும்."

அடுத்த நாள் பல். அதற்கடுத்து கால்.

"பின்னங்கால் கொஞ்சம் வளைவு."

"உங்களுக்கும் அப்படித்தானுங்க. எங்கப்பா ஒண்ணும் சொல்லலையே."

சென்னகேசவன் கால்களை நாற்காலிக்குக் கீழே இழுத்துக்கொண்டார்.

இப்படியே நாள்கள் போயின. குட்டிக்கு ராமாமணி ஜிமிக்கி என்று பெயர் வைத்தாள். திரும்பிப் போகிற பொருளுக்குப் பெயர் எதற்கு என்று சென்னகேசவன் கேட்டார். கேட்டுவிட்டு, "ஜிமிக்கி, சிட்" என்றார். நாயிடம் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்பது அவர் எண்ணம். ஜிமிக்கி அதற்கு உட்காரவில்லை. ராமாமணி "உக்காரு கண்ணு" என்றதும் உட்கார்ந்தது.

ஆனால் காலையில் பேப்பர் விரிக்கும் சத்தம் கேட்டால் போதும், எங்கே இருந்தாலும் ஓடி வந்து டீப்பாய்க்கு அடியில் நின்று அவரை அண்ணாந்து பார்க்கும். தூக்கி வைத்தால் தானே ஒரு காதை நீட்டும். சோதனைக்கு இவ்வளவு ஒத்துழைத்த ஒரு பொருளை அவர் தன் உத்தியோகத்தில் பார்த்ததில்லை.

ஒரு காலை, ஜிமிக்கி பேப்பரின் மேல் மல்லாந்து படுத்து நாலு காலையும் தூக்கிக்கொண்டது. வயிற்று முடியை விலக்கிய சென்னகேசவனின் கை நின்றது. தொப்புள் இருக்க வேண்டிய இடத்தில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு வீக்கம். விரலால் மெதுவாக அமுக்கினார். உள்ளே போனது. விரலை எடுத்தார். வெளியே வந்தது. உள்ளே போன இடத்தில் விரல் நுனிக்கு ஒரு வட்டமான விளிம்பு தட்டுப்பட்டது. அந்த விளிம்பை அவர் விரல் நன்றாக அறியும். ஓட்டை.

"ராமாமணி, இக்கட்டால வா."

அவர் குரலில் சந்தோஷம் இருந்தது. அடுப்படியிலிருந்து வந்தவளிடம் அமுக்கிக் காட்டினார்.

"பாத்துக்க. உள்ள போகுது, வெளிய வருது. வயித்துல ஓட்டை."

"ஐயோ பாவமுங்க."

"பாவமெல்லாம் அப்பறம். நம்ம பேச்சு என்ன?"

"குறை இருந்தாத் திருப்பிக் குடுத்தர்றது."

"ஆச்சா?"

"ஆச்சுங்க. ஆனா என்ன கோளாறுன்னு பேரு சொல்லோணுமல்லங்க? சும்மா ஓட்டைன்னு சொன்னா சாந்தாமணி ஒத்துக்குமா? சுந்தராபுரத்துல நிலோஃபர் டாக்டரம்மாகிட்டக் காட்டி, பேரு கேட்டுட்டுப் போயிரலாமுங்க."

முறையான யோசனையாகத்தான் இருந்தது. சென்னகேசவன் சம்மதித்தார்.

டாக்டர் நிலோஃபர் அதிகம் பேசாதவர். குட்டியைப் புரட்டி, விரல் வைத்துப் பார்த்து, கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"தொப்புள்ல குடலிறக்கம். ஹெர்னியாம்பாங்க. தொப்புள்கொடி வந்த வழி, பொறந்த பொறகு மூடிக்கணும். இதுக்கு மூடலை. சின்ன ஜாதி நாய்ங்கள்ல நாங்க அடிக்கடி பாக்கறதுதான். இப்போதைக்குக் கொழுப்பு மட்டும் எட்டிப் பாக்குது."

"அப்ப தயாரிப்புலயே கோளாறு. அப்படித்தானுங்களே?" என்றார் சென்னகேசவன்.

"பொறப்புலயே வந்தது. அப்படியும் வெச்சுக்கலாம் சார்."

சென்னகேசவன் மனைவியைப் பார்த்தார். டாக்டர் வாயாலேயே வந்துவிட்டது.

"இதுக்கு என்ன பண்றதுங்க டாக்டரம்மா?" என்று ராமாமணி கேட்டாள்.

"சில குட்டிக்கு வளர வளரத் தானே மூடிக்கும். மூடலைன்னா, ஆறு மாசத்துல கருத்தடை ஆப்பரேஷன் செய்யறப்ப சேர்த்து அந்த ஓட்டையத் தெச்சிடலாம். பெரிய விஷயமில்ல. அதுவரைக்கும் தினமும் ஒரு தடவை அமுக்கிப் பாக்கணும். உள்ள போச்சுன்னா பயமில்லை. கெட்டியாகி, உள்ள போகாம, தொட்டா வலிச்சு, வாந்தியும் எடுத்துச்சுன்னா, குடல் வந்து மாட்டிக்கிச்சுன்னு அர்த்தம். அப்ப நேரம் கடத்தக் கூடாது."

"எனக்கு அந்தக் கை நிதானம் இல்லீங்களே" என்றாள் ராமாமணி. "இவருக்குத்தான் விரல் நுனியில கண்ணு."

சென்னகேசவனுக்கு இது பாராட்டாகப் பட்டது. திருப்பிக் கொடுக்கிற வரைக்கும் தானே பார்த்துக்கொள்வதாக ஒத்துக்கொண்டார்.

"இன்னொண்ணு" என்றார் டாக்டர். "இது பெரும்பாலும் பரம்பரையா வர்றது. குட்டி போட விடக் கூடாது. இதோட அம்மாவுக்கும் இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க."

இறக்கம் ஜிமிக்கிக்கு. இரக்கம் ராமாமணிக்கு. சென்னகேசவனுக்கு இரண்டும் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளகோவில் போவது என்று வழியிலேயே முடிவு செய்தார்.

அந்த ஞாயிறு போக முடியவில்லை. சாந்தாமணி ஊரில் மாரியம்மன் நோம்பி. வீடு நிறைய ஒறம்பரையாக வந்த சொந்தபந்தங்கள் இருக்கும்போது குறை சொல்லிக்கொண்டு போய் நிற்பது மரியாதையா என்று ராமாமணி கேட்டாள். அதற்கடுத்த ஞாயிறு அமாவாசை. அதற்கும் அடுத்தது, காரை சர்வீஸுக்கு விடும் யோசனை சென்னகேசவனுக்கே வந்தது. தினமும் காலையில் ஜிமிக்கி மல்லாந்து படுத்தது. அவர் அமுக்கிப் பார்த்தார். உள்ளே போனது. "ஓகே" என்றார். அந்த ஒரு ஆங்கில வார்த்தை மட்டும் அதற்குப் புரிந்துவிட்டது. சொன்னவுடன் எழுந்து அவர் மூக்கை நக்கும்.

கடைசியில் ஒரு ஞாயிறு காலை கிளம்பிவிட்டார்கள். பல்லடம் தாண்டும்வரை ராமாமணி மடியில் இருந்த ஜிமிக்கி, காங்கேயம் போவதற்குள் நகர்ந்து நகர்ந்து ஓட்டுகிறவர் மடிக்கு வந்துவிட்டது. வேகத்தடை வந்த இடத்திலெல்லாம் சென்னகேசவன் வண்டியை நிறுத்தி, மெதுவாக ஏற்றி, மெதுவாக இறக்கினார். பின்னால் வந்த பஸ்காரன் ஹாரனை அடித்துத் தீர்த்தான்.

"ஏனுங்க, வெசையாப் போலாமுங்களே."

"தொப்புள் குலுங்குமல்ல."

"திருப்பிக் குடுக்கத்தானுங்க போறோம்."

"குடுக்கற வரைக்கும் நம்ம பொறுப்பு."

ராமாமணி ஜன்னல் பக்கம் திரும்பி, காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

சாந்தாமணி நல்ல மனுஷி. எருமையும் கோழியும் வளர்க்கிற தோட்டத்தில் சோடி பொமரேனியன் வைத்துக் குட்டிகளும் விற்றுவந்தாள். விஷயத்தைக் கேட்டதும் முகம் கூடச் சுளிக்கவில்லை.

"இதுல என்னங்ணா இருக்குது. உட்டுட்டுப் போங்க. அதுக்குப் பதுலா இதை எடுத்துக்கங்க. ஒரே ஈத்துதான், ஆனா சுத்தமான குட்டி. இது ஒண்ணுதான் மிச்சம்."

ஜிமிக்கியின் கூடப் பிறந்ததை அவர் கையில் கொடுத்தாள். சென்னகேசவன் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து ஆரம்பித்தார். இரண்டு காதும் நிமிர்ந்திருந்தன. பல் வரிசை சரி. கால் நேர். வயிறு வழவழப்பு. ஒன்றும் அகப்படவில்லை. திரும்ப முதலிலிருந்து பார்த்தார்.

"இது மொகத்தப் பாக்க மாட்டேங்குது."

"புது ஆளுங்கல்லங்ணா."

"தொட்டா நெளியுது. ஜிமிக்கின்னா தானாப் படுத்துக் காட்டும்."

"ஏனுங்க, குறை ஒண்ணும் இல்லீனா எடுத்துக்கலாமுங்களே" என்றாள் ராமாமணி.

"குறை இல்லாததுதான் சந்தேகமா இருக்குது. முதல் தடவையே பாஸாகற பீஸ நான் நம்பறதில்ல." குட்டியைச் சாந்தாமணியிடம் நீட்டினார். பிறகு, சம்பந்தமில்லாதவரைப் போலக் கேட்டார். "இதை உட்டுட்டுப் போனா நீங்க என்ன பண்ணுவீங்க? ஆப்பரேசன் பண்ணுவீங்களா?"

"அதையெல்லாம் யாருங்ணா பண்றது. அது பாட்டுக்கு வளரும். நல்ல வெள்ளை. அதும் ரெண்டு ஈத்து போடட்டும்னு உட்டுருவேன்."

சென்னகேசவன் எழுந்துவிட்டார்.

"ஓட்டைய வெச்சுட்டே குட்டி போடறதா?"

"இவ ஆத்தாளும் அப்படித்தானுங்களே போடறா."

தாய் நாய் வெள்ளச்சி, ஜிமிக்கியை மோந்து பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றது. சென்னகேசவன் குனிந்து அதைப் புரட்டினார். அதன் வயிற்றில் எலுமிச்சை அளவுக்கு அதே வீக்கம் இருந்தது. அவருக்கு உத்தியோக வெறி வந்துவிட்டது.

"பாருங்க அம்மணி. ஒரு பவுண்டரியில இருந்து வர்ற சாமான்ல ஒண்ணு ரெண்டு கெட்டுப்போனா வார்த்தவன் மேல தப்பு. ஒரே எடத்துல ஒரே ஓட்டை திரும்பத் திரும்ப வந்தா, எதை வெச்சு அச்சு எடுக்கறாங்களோ அந்த மூல அச்சுலயே தப்பு. அதுக்கு மேல வார்க்கவே கூடாது."

"செரிங்ணா."

"வாயில செரின்னா ஆகாது. எங்க கம்பெனியா இருந்தா இந்நேரத்துக்கு அந்த அச்சை வண்டில ஏத்திக் கொண்டுபோயி எங்க ஸ்டோர்ல வெச்சுப் பூட்டியிருப்போம். உங்ககிட்ட உட்டு வெச்சா, நாங்க அக்கட்டால போனதும் மறுபடி அதுலயே வார்ப்பீங்க. அந்த ஓட்டையத் தெச்சு, கருத்தடையும் பண்ணி, ஒரு பக்கமா உக்கார வெக்கோணும். அதுதான் முறை."

சாந்தாமணி வெள்ளச்சியின் தலையைத் தடவினாள். கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

"நீங்க சொல்றது ஞாயந்தானுங்ணா. இவளுக்கும் வயசாயிப்போச்சு. ஒரு எடத்துல நல்லா இருந்தாச் செரி" என்று உள்ளே போனாள். வரும்போது கையில் ஒரு சங்கிலியும், ஒரு அலுமினிய வட்டிலும், ஒரு கட்டு முருங்கைக்காயும் இருந்தன. காரின் பின் கதவைத் திறந்தாள். வெள்ளச்சி ஒரே தாவலில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதன் பின்னாலேயே ஏற முடியாமல் கத்திய ஜிமிக்கியை, வயிற்றில் கை படாமல் தூக்கி உள்ளே விட்டவர் சென்னகேசவன்தான்.

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். ராமாமணியின் முகத்தில் ஆச்சரியம் இருந்தது. அவர் அதை நம்பவில்லை.

ஒரு நாயைத் திருப்பிக் கொடுக்கப் போனவர், இரண்டு நாயோடும் முருங்கைக்காயோடும் போத்தனூர் திரும்பினார்.

"இது தற்காலிகம்" என்றார் காங்கேயத்தில்.

"சரிங்க."

"ஆப்பரேசன் முடிஞ்சதும் யாருக்காவது குடுத்தர்றது" என்றார் பல்லடத்தில்.

"சரிங்க."

போத்தனூர் வந்ததும் காரின் பின் கதவை அவரே திறந்துவிட்டார்.

டீப்பாய் சின்னதாகிவிட்டது. காலையில் இரண்டு சோதனை. வெள்ளச்சி ரயிலுக்குக் குரைத்தது, ஆனால் சரக்கு ரயிலுக்கு மட்டும்தான். ஜிமிக்கிக்கு அஞ்சு மாசம் ஆனபோது ஓட்டை மூடவில்லை, கொஞ்சம் பெரிதாகவே தெரிந்தது. அடுத்த மாதம் தாயையும் மகளையும் ஒரே வாரத்தில் கொண்டுவரச் சொல்லியிருந்தார் டாக்டர்.

அதற்குள் பெருந்துறையில் ராமாமணியின் சித்தி மகன் வீட்டுக் கல்யாணம் வந்தது. சென்னகேசவன் போகவில்லை. முதுகு வலி என்றார். இரண்டு நாயை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று சொல்ல வாய் வரவில்லை.

அன்று மத்தியானம் சாப்பிட்டு எழுந்தவர், ஜிமிக்கியின் வட்டிலில் சோறு அப்படியே இருப்பதைப் பார்த்தார். கூப்பிட்டார். வரவில்லை. வெள்ளச்சி மட்டும் வந்து, அவர் வேட்டியைக் கவ்விக் கட்டில் பக்கம் இழுத்தது. கட்டிலுக்கு அடியில், மூலையில், ஜிமிக்கி முதுகைக் கூன்போட்டு நின்றது. பக்கத்தில் இரண்டு இடத்தில் வாந்தி.

வெளியே எடுத்து டீப்பாயில் வைத்தார். படுத்துக் காட்டவில்லை. மெதுவாகப் புரட்டி, விரல் வைத்தார். சுண்டைக்காய் இல்லை. நெல்லிக்காய் போலக் கெட்டியாக, சூடாக இருந்தது. அமுக்கினார். உள்ளே போகவில்லை. ஜிமிக்கி வீறிட்டது.

உத்தியோகத்தில் எத்தனையோ உடைந்த வார்ப்புகளைப் பார்த்தவர், விரலை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். போனை எடுத்தார்.

"ராமா, உள்ள போக மாட்டேங்குது."

"யாருங்க? சத்தமாப் பேசுங்க, மேளம் அடிக்கறாங்க."

"ஜிமிக்கிக்கு. கெட்டியாயிருச்சு. வாந்தி எடுத்துருக்குது."

மறுமுனையில் மேளச் சத்தம் தள்ளிப் போனது. பிறகு ராமாமணி நிதானமாகச் சொன்னாள். "அமுக்காதீங்க. தண்ணிகூடக் குடுக்காதீங்க. டாக்டரம்மாகிட்டத் தூக்கிட்டுப் போங்க. நான் போன் பண்ணிச் சொல்லிப்போடறேன். நான் வாரேன்."

ஏதோ கல்யாணத்தில் கொடுத்த கட்டைப்பை ஆணியில் தொங்கியது. அதில் துண்டை மடித்துப் போட்டு, ஜிமிக்கியை உட்கார வைத்தார். மணமக்கள் பெயருக்கு மேலே ஒரு வெள்ளைத் தலை மட்டும் தெரிந்தது. வெள்ளச்சி யாரையும் கேட்காமல் காரில் ஏறியது. சுந்தராபுரம் சிக்னல்வரை ஒரு கையால் ஓட்டி, ஒரு கையால் பையைப் பிடித்துக்கொண்டு, "ஓகே, ஓகே" என்று சொல்லிக்கொண்டே போனார். அந்த வார்த்தையை அவர் பொய்யாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

டாக்டர் வாசலிலேயே நின்றார். தொட்டுப் பார்த்துவிட்டு, "இப்பவே திறந்துடணும் சார். கருத்தடையெல்லாம் அப்புறம்" என்றார்.

"உசுருக்கு?"

"சீக்கிரம் கொண்டுவந்துட்டீங்க. பாத்துக்கலாம்."

"எந்த நூல்லங்க தெப்பீங்க? விட்டுப்போகாதுங்களா?"

"விடாது."

"தெச்ச பொறகு தண்ணி அழுத்தம் குடுத்து... கசியுதான்னு டெஸ்ட் பண்ணுவீங்களா?"

டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டே அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். "எழுந்து குரைக்கும் சார். அதுதான் டெஸ்ட்" என்று உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

சென்னகேசவன் பெஞ்சில் உட்கார்ந்தார். காலடியில் வெள்ளச்சி. பக்கத்தில் கூண்டுக்குள் யாருடைய பூனையோ. ஒரு வார்ப்பில் ஓட்டை இருந்தால் அவர் பெருக்கல் குறி போடுவார், லாரி எடுத்துப் போகும். அதற்கப்புறம் அது என்ன ஆகிறது என்று அவர் கேட்டதே கிடையாது. இப்போது அந்தக் கதவுக்குப் பின்னால் ஓட்டையை அடைக்கிறார்கள். சுவரில் மாட்டியிருந்த நாய்ப் பிஸ்கட் விளம்பரத்தை அவர் முழுவதும் படித்தார். திரும்பவும் படித்தார். ஒரு எழுத்துப்பிழை இருந்தது. அதைச் சொல்லக்கூடத் தோன்றவில்லை.

ராமாமணி வந்து சேர்ந்தபோது பட்டுச் சேலை கசங்கியிருந்தது. காலில் யாருடைய செருப்போ இருந்தது, ஒன்று நீலம், ஒன்று பழுப்பு. மண்டபத்து வாசலில் கிடைத்ததை மாட்டிக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள். வழக்கமாக இருந்தால் அவர் அதைச் சுட்டிக்காட்டியிருப்பார். நகர்ந்து இடம் கொடுத்தார்.

"சாப்புட்டயா?"

"இல்லீங்க. நீங்க?"

"நான் சாப்பிட்ட பொறகுதான் பாத்தேன்."

இருவரும் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெகுநேரம் கழித்து உள்ளேயிருந்து ஒரு குரைப்பு வந்தது. குரைப்பு என்று சொல்ல முடியாது. பழைய கதவு திறப்பதுபோல ஒரு கீச்சு. சென்னகேசவன் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். கண்ணாடியில் ஒன்றும் இல்லை.

டாக்டர் தொப்பியைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தார்.

"நல்லா இருக்கு. குடல்ல ஒரு வளைவு வந்து மாட்டிக்கிச்சு. நிறம் மாறலை, அதனால வெட்டி எடுக்க வேண்டி வரலை. உள்ள தள்ளிட்டு ஓட்டைய நல்லா இழுத்துத் தெச்சாச்சு. தையலை நக்காம இருக்கக் கழுத்துல கூம்பு மாட்டியிருக்கு. பத்து நாளைக்குக் குதிக்க விடாதீங்க." பிறகு ராமாமணியிடம் திரும்பினார். "வாங்கறதுக்கு முன்னாடி நீங்க போன்ல காட்டுனப்ப இத்தனூண்டுதானேம்மா இருந்துச்சு. கூடவே வளர்ந்துடுச்சு. இன்னும் கொஞ்ச நேரத்துல பாக்கலாம்." உள்ளே போய்விட்டார்.

ராமாமணி கல்யாணத் தாம்பூலப் பையைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தாள்.

"வாங்கறதுக்கு முன்னாடியா?" என்றார் சென்னகேசவன்.

"ஆமாங்க."

"அப்ப உனக்கு மொதல்லயே தெரியும்."

"சாந்தாமணிதான் காட்டுச்சுங்க. இதை யாரும் எடுக்க மாட்டாங்கக்கான்னு சொல்லுச்சு. டாக்டரம்மாகிட்டக் கேட்டேன், பயமில்ல, தெச்சுக்கலாம்னாங்க."

"தெரிஞ்சே கொண்டாந்து, நானாக் கண்டுபுடிக்கட்டும்னு கம்முனு இருந்திருக்கற."

"உங்களைப் பத்தித் தெரியுமல்லங்க. சுத்தமான குட்டியக் கொண்டாந்திருந்தா ரெண்டு நாள் பாத்துட்டு, அது பக்கமே திரும்பியிருக்க மாட்டீங்க. குறைன்னாத்தான் தெனமும் கையில எடுப்பீங்க."

சென்னகேசவன் அந்தப் பேச்சை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். எங்காவது ஒரு ஓட்டை இருக்கும் என்று தேடினார். அகப்படவில்லை. ஆனால் அப்படியே விட்டுவிடவும் மனம் வரவில்லை. அவரிடம் இன்னும் ஒரு குற்றச்சாட்டு பாக்கி இருந்தது. அது அவர் செருப்பின் மேல் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

"அப்ப இந்த வெள்ளச்சியும் உன்ர வேலைதான். சாந்தாமணியும் நீயும் பேசி வெச்சுட்டு இதையும் என் தலையில கட்டிப்போட்டீங்க. நெசத்தச் சொல்லு."

ராமாமணி தாம்பூலப் பையிலிருந்து லட்டை எடுத்து, பாதியை அவர் கையில் கொடுத்தாள்.

"இல்லீங்க. நான் ஒரு நாய்க்குத்தான் திட்டம் போட்டேன். இது நீங்களாப் பேசிச் சேத்துக்கிட்டதுங்க."